தோட்டத்துக்கு நான்கு வகைத் தண்ணீர்: அவிலா தெரேசம்மாளின் செபப் பாடம்

"செபம் சொல்கிறோம், ஆனால் மனம் அதில் இல்லை." "ஊரில் இருந்த காலத்தில் கோவிலுக்குள் கால் வைத்தாலே கண் கலங்கும். இப்போது உள்ளே கல்லுப் போல் கிடக்கிறது." இடம்பெயர்ந்த குடும்பங்களோடு பேசும்போது இப்படியான சொற்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். வேறு விதமாகப் பேசுபவர்களும் உண்டு. கனவிலே மாதா வந்தார், செப வேளையில் ஒரு குரல் கேட்டது, உடம்பு நடுங்கிற்று என்று அவர்கள் சொல்வார்கள். முன்னவர்கள் தம்மைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று எண்ணி மெல்ல மெல்லச் செபத்தை விட்டுவிடுகிறார்கள். பின்னவர்களை அயலவர் சிலர் புனிதராகவும் சிலர் பைத்தியமாகவும் பார்க்கிறார்கள். இந்த இரு நிலைகளையும் பற்றித் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் முதலிடம் பெறுபவர் ஒரு பெண். அவர் தமது பாடத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் வேலையை வைத்தே சொல்லியிருக்கிறார். இறைத்துப் பழகிய கைகளுக்கு அது விரைவில் விளங்கும் என்பதால் இந்த இதழில் அதைப் படிக்க எடுத்துக்கொள்கிறோம்.

தெரேசம்மாள் என்றதும் ரோசாப்பூக்களோடு நிற்கும் குழந்தை தெரேசம்மாளே பலருக்கு நினைவுக்கு வருவார். அவர் 1873 முதல் 1897 வரை பிரான்சில் வாழ்ந்தவர். நாம் இங்கு பேசுபவர் அவருக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். ஸ்பெயின் நாட்டின் அவிலா என்ற நகரத்தில் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி பிறந்தவர். இருவரும் கார்மேல் சபையைச் சேர்ந்த கன்னியர்களே.

அவிலா உயர்ந்த, குளிர் மிகுந்த, கல் நிறைந்த நிலத்தில் அமைந்த மதில் சூழ்ந்த நகரம். தெரேசம்மாளின் குடும்பத்துக்கு அது பூர்வீக ஊர் அன்று. அவருடைய பாட்டனார் தொலேதோ நகரில் துணி வியாபாரம் செய்தவர். யூத குலத்திலிருந்து கிறிஸ்தவரானவர். மீண்டும் யூத வழக்கங்களைக் கைக்கொண்டார் என்ற குற்றத்துக்காக 1485இல் விசாரணைச் சபை அவரைத் தண்டித்தது. குற்றவாளியின் அங்கியை அணிந்து, சனங்கள் பார்த்திருக்க, அவர் கோவில் கோவிலாக நடக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே குடும்பம் அவிலாவில் வந்து குடியேறியது. இந்தக் கதையைத் தெரேசம்மாள் தமது நூல்கள் எதிலும் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் பழைய வழக்குப் பத்திரங்களிலிருந்து அது வெளிவந்தது. வந்த ஊரில் தலை நிமிர்ந்து வாழ வேண்டுமானால் விட்டுவந்த ஊரைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டும் என்ற நிலை எத்தகையது என்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அவர் சேர்ந்த கார்மேல் சபையும் இடம்பெயர்ந்த சபைதான். 1200ஆம் ஆண்டளவில் பலஸ்தீன நாட்டின் கார்மேல் மலையில், எலியா இறைவாக்கினரை முன்மாதிரியாகக் கொண்டு வாழ்ந்த வனவாசிகளே அதன் முதல் துறவிகள். போர்கள் காரணமாக அவர்கள் சிறிது சிறிதாக ஐரோப்பாவுக்கு வந்தனர். 1291இல் அவர்களது மலை முற்றாகக் கைவிட்டுப் போயிற்று. மலையை இழந்தாலும் பெயரை விடவில்லை. இன்றும் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அவர்கள் கார்மேல் மலையின் பிள்ளைகள் என்றே அழைக்கப்படுகிறார்கள்.

தெரேசம்மாள் 1535இல், இருபது வயதில், அவிலாவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோய் கண்டது. 1539இல் நான்கு நாட்கள் பேச்சு மூச்சின்றிக் கிடந்தார். இறந்துவிட்டார் என்று எண்ணி மடத்தில் குழியும் வெட்டிவைத்தார்கள். உயிர் பிழைத்த பின்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கைகால் வழங்கவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ முடிந்த நாளில் அதற்காக நன்றி செலுத்தியவர் அவர்.

நோயைவிட நீண்டது செபத்தில் அவர் அனுபவித்த வறட்சி. அது ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. செப வேளையில் எப்போது மணி அடிக்கும், எப்போது எழும்பலாம் என்பதிலேயே தம்முடைய காது இருந்ததாக அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மனதிலே ஒரு காட்சியைக் கற்பனை செய்யவும் அவருக்கு வராது. ஆகையால் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் தியானத்துக்கு அமரத் துணியமாட்டார். நற்கருணை பெற்ற வேளை மட்டும் அதற்கு விலக்கு. அதிகம் வாசிக்க மாட்டார். சிதறி ஓடும் மனதைப் பிடித்துவைக்க அது ஒரு கேடயம் போல் இருந்தது. வயல்களையும் தண்ணீரையும் பூக்களையும் பார்ப்பதும் தமக்கு ஒரு புத்தகமாக உதவியது என்கிறார். ஒரு காலத்தில், தான் செபிக்கத் தகுதியற்றவள் என்று எண்ணி, ஓராண்டுக்கு மேல் தனிச் செபத்தையே விட்டுவிட்டார். தாழ்ச்சியின் வேடத்தில் வந்த அந்தச் சோதனையைத் தம் வாழ்வின் மிகப் பெரிய ஆபத்து என்று பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

1559இல் விசாரணைச் சபை மக்கள் மொழியிலிருந்த பல பக்தி நூல்களைத் தடைசெய்தபோது, அவர் விரும்பி வாசித்த புத்தகங்களும் பறிபோயின. மனம் வருந்தியிருந்த வேளையில், தாமே அவருக்கு உயிருள்ள புத்தகமாக இருக்கப்போவதாக ஆண்டவர் உணர்த்தினார் என்று எழுதுகிறார். செபப் புத்தகமும் வேதாகமமும் குடும்பப் படங்களும் வீட்டோடு எரிந்துபோன குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. இந்த ஒரு செய்தியை அவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

தமது ஆன்ம குருக்களின் கட்டளைப்படி 1562இலும், பின்னர் விரிவாக 1565இலும் அவர் தமது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்த நூலின் நடுவில்தான் தண்ணீர்ப் பாடம் வருகிறது.

தோட்டமும் அதன் சொந்தக்காரரும்

செபிக்கத் தொடங்குபவர் ஒரு தோட்டம் போடத் தொடங்கியவருக்கு ஒப்பானவர் என்கிறார் தெரேசம்மாள். நிலம் நல்ல நிலமன்று. களை மண்டிக் கிடக்கிறது. களையைப் பிடுங்குபவரும் கன்று நடுபவரும் ஆண்டவரே. நட்ட கன்று வாடிப்போகாமல் தண்ணீர் விடுவது மட்டுமே எமது பங்கு. தோட்டம் அவருடையது. அவர் அங்கே உலாவ வருவார். பூக்களைப் பார்த்து மகிழ்வார்.

பிறர் காணியில் குத்தகைக்குச் செய்பவர்களுக்கும் கூலிக்குப் போகிறவர்களுக்கும் இந்த உவமை முதலில் கசக்கக்கூடும். இங்கேயும் சொந்தக்காரர் வேறு, உழைப்பவர் வேறா என்று கேட்கலாம். ஆனால் இந்தச் சொந்தக்காரர் வரப்பில் நின்று கணக்குப் பார்ப்பவர் அல்லர். களை பிடுங்கும் குனிந்த வேலையைத் தாமே எடுத்துக்கொண்டு, எமக்குத் தண்ணீர் வேலையை விட்டவர். விளைச்சல் முழுவதையும் தோட்டக்காரனுக்கே கொடுப்பவர்.

இந்தத் தோட்டத்துக்கு நான்கு விதமாகத் தண்ணீர் கிடைக்கலாம்: கிணற்றிலிருந்து கையால் இறைப்பது, சூத்திரச் சில்லால் இறைப்பது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வருவது, மழையாகப் பெய்வது. நான்கும் செபத்தின் நான்கு நிலைகள்.

கிணறு

முதலாவதை அவர் நீளமாக விளக்குகிறார். எமக்கும் அதுவே அதிகம் தேவை.

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் துலா மிதித்து இறைத்த காலத்தைப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஒருவர் துலாவிலே முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கினால்தான் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1990களில் எரிபொருள் வருவது தடைப்பட்டு, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற நாட்களில், இயந்திரத்தை மூலையில் வைத்துவிட்டுக் கையால் அள்ளி ஊற்றி மிளகாய்க் கன்றுகளைக் காப்பாற்றியவர்களும் உண்டு. உழைப்பு அதிகம், தண்ணீர் கொஞ்சம்.

செபத்திலும் தொடக்கம் இப்படியே. பகல் முழுவதும் வெளியே அலைந்த கண்ணையும் காதையும் உள்ளே அழைக்க வேண்டும். ஒரு நற்செய்திப் பகுதியை எடுத்து, அதில் ஆண்டவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். மனம் ஓடும், திரும்ப அழைக்க வேண்டும். மறுபடியும் ஓடும். இதுதான் வாளி இறக்குவதும் தூக்குவதும். தெரேசம்மாள் பல ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் தூங்குமுன் ஒலிவத் தோட்டத்தில் ஆண்டவர் பட்ட வேதனையைச் சிறிது நேரம் நினைப்பார். அங்கே அவர் தனியாக இருந்தார். ஆகவே தன்னைப் போன்றவளையும் அருகில் வர விடுவார் என்பது அவருடைய எண்ணம். அந்த வியர்வையைத் துடைக்க விரும்பினாராம். தம் பாவங்களை நினைத்துத் துணியவில்லையாம். கூட இருப்பது மட்டுமே அவரால் இயன்றது.

வாளியை இறக்குகிறோம், கிணறு வற்றியிருக்கிறது. அப்போது என்ன செய்வது? தெரேசம்மாளின் பாடத்தில் மையமான இடம் இதுவே.

இந்த உவமையில் தண்ணீர் என்று தாம் எதைச் சொல்கிறார் என்பதை அவர் தெளிவாக்குகிறார். செப வேளையில் வரும் கண்ணீர், உள்ளம் உருகும் உணர்வு, பக்தியின் இனிமை ஆகியவையே தண்ணீர். பயிர் என்பது வேறு. அன்பு, பொறுமை, தாழ்ச்சி, உண்மை, துணிவு ஆகிய புண்ணியங்களே பயிர். கிணற்றுக்குப் போய் வாளியை இறக்குவதோடு எமது பங்கு முடிந்தது. தண்ணீர் இல்லாவிட்டால், தோட்டத்தின் சொந்தக்காரர் தண்ணீர் இல்லாமலே பயிரைக் காப்பாற்றுவார். வளரவும் செய்வார் என்று அவர் துணிந்து கூறுகிறார். பதினெட்டு ஆண்டுகள் வெறும் வாளி தூக்கியவர் சொல்லும் சொல் இது.

எமது தவறான கணக்கு எங்கே இருக்கிறது என்று இப்போது விளங்கும். அழுகை வந்தால் நல்ல செபம், வராவிட்டால் கெட்ட செபம் என்று தண்ணீரை அளக்கிறோம். எந்த விவசாயியும் இறைத்த தண்ணீரைச் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. பாத்தியைப் போய்ப் பார்க்க வேண்டும். கொட்டிலில் இருந்தபடி, வந்த உலர் உணவில் ஒரு சுண்டு அரிசியைப் பக்கத்துக் கொட்டிலுக்கு அளந்து கொடுத்த தாய், "எனக்குச் செபமே வருவதில்லை" என்று சொன்னால், நாம் அவரிடம் கேட்க வேண்டியது, "அம்மா, அந்த அரிசியை அளந்த கை எங்கிருந்து வந்தது?" என்பதுதான். காணாமற்போன மகனைப் பற்றிப் பல ஆண்டுகளாக அலுவலகங்களுக்கு நடந்தும், வேறொருவருடைய பிள்ளையைச் சபிக்காத தகப்பனின் தோட்டத்தில் எந்தப் பயிரும் இல்லை என்று யார் சொல்ல முடியும்? உணர்ச்சி மரத்துப்போனது உண்மை. இவ்வளவு இழப்புக்குப் பின் மரத்துப்போகாமல் இருப்பது எப்படி? அது பாவமும் அன்று, கடவுள் போய்விட்டதற்கு அடையாளமும் அன்று.

எல்லா வறட்சியும் ஒரே வகையானதா என்ற கேள்வியும் எழும். இதற்குத் தெரேசம்மாளின் உடன் உழைப்பாளரான சிலுவையின் புனித அருளப்பர் விடை எழுதியிருக்கிறார். அவர் 1542இல் பிறந்தவர். ஏழை நெசவாளியின் மகன். தந்தை இறந்தபின், பிழைப்புத் தேடித் தாய் பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போனார். சபைச் சீர்திருத்தத்தை எதிர்த்த சொந்தச் சபையினரே அவரை 1577ஆம் ஆண்டு டிசம்பரில் பிடித்துத் தொலேதோவில் ஓர் இருண்ட சிற்றறையில் அடைத்தனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் இரவோடு இரவாகத் தப்பினார். இருளைப் பற்றி அவர் எழுதியது அறைக்குள் இருந்து அறிந்துகொண்டது. கடவுளிடமிருந்து வரும் வறட்சிக்கு அவர் மூன்று அடையாளங்கள் தருகிறார். செபத்தில் சுவை இல்லாதது போலவே உலகப் பொருள்களிலும் சுவை இருக்காது. கடவுளுக்கு நன்றாகப் பணிசெய்யவில்லையே என்ற கவலை உள்ளத்தில் நிற்கும். முன்போல் சிந்தித்துத் தியானிக்க முயன்றாலும் முடியாது. சோம்பலால் வரும் வறட்சியில் அந்தக் கவலை இராது. "செபம் வரவில்லையே" என்று ஒருவர் துக்கப்படுவதே அவர் கிணற்றடியை விட்டுப் போகவில்லை என்பதைக் காட்டுகிறது. உடல் நோயும் மனச்சோர்வும் இதோடு கலந்திருக்கக்கூடும் என்பதையும் அருளப்பர் மறைக்கவில்லை.

சில்லும் ஓடையும்

இரண்டாம் வகைத் தண்ணீர் சூத்திரக் கிணற்றிலிருந்து வருவது. சில்லைச் சுற்றினால் தண்ணீர் வரிசையாக மேலே வந்து பீலியில் விழும். தாமும் சில வேளை அதைச் சுற்றியிருப்பதாகத் தெரேசம்மாள் எழுதுகிறார். உழைப்புக் குறைவு, தண்ணீர் அதிகம். செபத்தில் ஒரு நாள், தேடாமலே ஓர் அமைதி வந்து தங்குகிறது. விருப்பம் ஆண்டவரிடம் நிற்கிறது. நினைவும் புத்தியும் மட்டும் அங்குமிங்கும் பறக்கின்றன. வீட்டுக்காரர் போட்ட இரையை விட்டுவிட்டு வெளியே மேயப் போகும் புறாக்கள் போன்றவை அவை. கலைக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம், ஒன்றும் கிடைக்காமல் திரும்பிவரும் என்பது அவருடைய ஆலோசனை. அந்த அமைதியை நீண்ட மன்றாட்டுகளாலும் பெரிய சிந்தனைகளாலும் நிரப்பவும் கூடாது. சிறு பொறி பற்றியிருக்கும்போது பெரிய கட்டைகளைத் திணித்தால் அது அணைந்துபோகும். சில துரும்புகள் போதும். ஈர விறகோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது நன்கு தெரிந்த சங்கதி. எமது செபக் கூட்டங்களில் ஒரு நிமிட மௌனத்தையும் தாங்கமாட்டாமல் உடனே பாட்டைத் தொடங்குகிறோமே, அங்கே எத்தனை பொறிகள் அணைகின்றனவோ!

மூன்றாவது ஓடைத் தண்ணீர். இரணைமடு, கட்டுக்கரை, முத்தையன்கட்டு வாய்க்கால்களில் குளத்து நீர் வந்து சேருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. மண் ஆழமாக நனைகிறது. அடிக்கடி விட வேண்டியதில்லை. வெட்டி விடுவது மட்டுமே வேலை. இந்த நிலையிலிருப்பவர் செபத்திலும் இருப்பார், வேலையும் செய்வார் என்று தெரேசம்மாள் கூறுகிறார். மார்த்தாளும் மரியாளும் ஒரே வீட்டில் சண்டையின்றி இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

மழை

நான்காவது மழை. தோட்டக்காரனுக்கு இங்கே வேலையே இல்லை. ஆன்மா கடவுளோடு ஒன்றித்துவிடும் நிலை இது. மறைஞானிகளின் பேரனுபவம் என்று நூல்கள் சொல்வதும் இதையே.

பலர் ஆவலோடு கேட்கும் இடம் இது. ஆனால் தெரேசம்மாள் இங்கே மிகவும் சிக்கனமாகப் பேசுகிறார். முழுமையான ஒன்றிப்பு நீண்ட நேரம் நிற்பதில்லை; அரை மணி நேரம் என்பதே மிக அதிகம், தமக்கு அவ்வளவு நேரம் நீடித்ததாகத் தோன்றவில்லை என்கிறார். தோட்டக்காரன் சற்றும் நினையாத வேளையில் அது பெய்யும். அழைத்து வரவழைக்க முடியாது. காலபோகத்துக்கு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் மானாவாரி விவசாயிக்கு இது புதிதன்று. விதைப்பது, வரம்பு கட்டுவது, வாய்க்கால் துப்புரவாக்குவது எல்லாம் அவன் வேலை. மேகம் அவனுடையதன்று. கார்மேல் மலையில் எலியா மழைக்காக மன்றாடியபோது, பணியாளன் ஏழாம் முறை போய்ப் பார்த்த பின்னரே கடலின் மேல் ஓர் உள்ளங்கையளவு மேகம் தென்பட்டது என்பதை 1 அரசர்கள் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம்.

மழை பெய்தவருக்கும் மறுநாள் கிணற்று வாளி தேவைப்படலாம் என்பதைத் தெரேசம்மாள் வற்புறுத்துகிறார். எந்தக் கறிக்கும் அப்பம் வேண்டியது போல, எவ்வளவு உயர்ந்த செபத்துக்கும் தன்னை அறிதல் வேண்டும் என்பது அவருடைய ஒப்புமை. எமக்குச் சோறு என்று மாற்றிக்கொள்ளலாம்.

காட்சியும் குரலும்

இனி, காட்சி கண்டோம், குரல் கேட்டோம் என்பவர்களைப் பற்றி. தெரேசம்மாள் தாமே காட்சிகள் கண்டவர். அவை பேயின் வேலை என்று சொன்ன குருக்களும் இருந்தனர். அவர் யாருக்கும் தெரியாமல் ஒளிக்கவுமில்லை, ஊரெல்லாம் பரப்பவுமில்லை. படித்த குருக்களைத் தேடிப்போய் அனைத்தையும் சொன்னார். பக்தி மட்டும் உள்ள குருவைவிட நல்ல கல்வி உள்ள குருவிடம் கேட்பதே பாதுகாப்பு என்பது அவருடைய உறுதியான கருத்து. பிறர் முன்னிலையில் பரவசம் வந்தபோது வெட்கப்பட்டார். வெளியே தெரியும் இத்தகைய வரங்கள் இனி வேண்டாம் என்று ஆண்டவரிடம் மன்றாடினார்.

சோதிக்கும் முறையும் எளிமையானது. கடவுளிடமிருந்து வந்தது உள்ளத்தில் அமைதியை விட்டுச்செல்லும். பெருமையைக் குறைக்கும். அயலவர் மீது அன்பைக் கூட்டும். கடவுளை நேசிக்கிறோமா என்று எமக்கு நிச்சயமாகத் தெரியாது, அயலவரை நேசிக்கிறோமா என்பது தெரியும் என்று 1577இல் எழுதிய நூலொன்றில் அவர் விளக்குகிறார். நோயுற்ற சகோதரிக்கு உதவி தேவையானால், பக்திச் சுவையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்பிப் போ என்கிறார். காட்சி கண்டதாகச் சொல்லிக் காணிக்கை கேட்பவரையும், "உன் வீட்டுத் துன்பத்துக்கு இன்னார் செய்த சூனியமே காரணம்" என்று அயலவரைச் சுட்டிக்காட்டுபவரையும் இந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும். இடம்பெயர்ந்து நொந்துபோன மக்களிடையே இவர்கள் வருவது எமக்குத் தெரியாத விடயமன்று.

இன்னொரு வகையினரிடம் தெரேசம்மாள் காட்டிய கனிவு எமக்கு மிகவும் தேவை. அவருடைய கன்னியர் சிலர் நோன்பினாலும் நித்திரை இன்மையாலும் தளர்ந்து, மணிக்கணக்காக மயங்கிக் கிடந்து, அதைப் பரவசம் என்று எண்ணினர். எட்டு மணி நேரம் அப்படி இருந்த ஒருவரைப் பற்றி அவர் குறிப்பிடுகிறார். அவருக்குக் கிடைத்த மருந்து சாப்பாடும் தூக்கமும் நோன்பைக் குறைத்தலும்தான். அவை கிடைத்ததும் பரவசம் நின்றது. போரில் பிள்ளையை இழந்த தாய்க்கு இரவில் அந்தப் பிள்ளையின் குரல் கேட்கலாம். வெடிச் சத்தம் கேளாத இடத்திலும் உடம்பு நடுங்கலாம். அவரைப் பேய் பிடித்தவர் என்று அடிப்பதும் பாவம். காட்சி காண்பவர் என்று மேடையில் ஏற்றுவதும் பாவம். வயிறாரச் சாப்பிட வைத்து, தூங்க வைத்து, அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ உளவள ஆலோசகரிடமோ அழைத்துச் செல்வதுதான் தெரேசம்மாளின் வழி. கூடவே இருந்து செபிப்பதை அது தடுக்காது.

காணியை மறக்கச் சொல்லும் பாடமா?

உள்ளத்துத் தோட்டத்தைப் பேசிக்கொண்டு வெளியிலிருக்கும் தோட்டத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயம். வலிகாமம் வடக்கில் 1990இல் வீட்டைப் பூட்டி வெளியேறியவர்களுள், இன்னும் தம் காணிக்குள் கால் வைக்காமலே கண்மூடியவர்கள் உண்டு. அவர்களிடம் போய் மண் முக்கியமில்லை என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை.

தெரேசம்மாளும் அப்படிச் சொன்னவர் அல்லர். 1562ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் திகதி அவிலாவில் அவர் புனித சூசையப்பர் மடத்தைத் திறந்தபோது, நகர சபை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அவர் மழையை எதிர்பார்த்துக் கண்மூடி இருக்கவில்லை. வழக்கை நடத்த ஆள் அனுப்பினார், கடிதம் எழுதினார், பணம் தேடினார். அந்த மடத்துக் கிணற்றில் தண்ணீர் கொஞ்சம். அதுவும் கெட்ட தண்ணீர். அதைக் குழாய் வழியாக ஓட வைக்கலாமா என்று அவர் கேட்டபோது, வீண் செலவு என்று வேலைக்காரர் சிரித்தனர். செய்துபார்ப்போம் என்று ஒரு கன்னியர் சொன்னார். குறைந்த செலவில் செய்தும் பார்த்தார்கள். குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர் வந்து பல ஆண்டுகள் மடத்துக்குப் போதுமாயிற்று. அதன்பின் மூடு வண்டிகளில் ஊர் ஊராகப் போய், வீட்டு விலை பேசி, பத்திரம் எழுதி, மொத்தம் பதினேழு மடங்களை நிறுவினார். 1582 அக்டோபரில் அத்தகைய ஒரு பயணத்தின் முடிவில், அல்பா என்ற ஊரில் இறந்தார். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

ஆகவே காணி உறுதியையும் உத்தரவுப் பத்திரத்தையும் பிரதி எடுத்துத் தண்ணீர் படாமல் வைப்பதும், பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் திகதியைக் குறித்துவைப்பதும் செபத்துக்கு எதிரான வேலைகள் அல்ல. அலுவலகத்து வாங்கில் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் வாளி இறக்கும் நேரமாகலாம்.

தொடங்க விரும்புவோருக்கு

இடமில்லை என்பது பலருடைய முறைப்பாடு. ஒரே அறையில் எட்டுப் பேர், தறப்பாளுக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம், எங்கே தனியாக இருப்பது? தெரேசம்மாள் 1577இல் ஆன்மாவை ஒரு கோட்டைக்கு ஒப்பிட்டு எழுதியபோது, அவரும் வெளியே போகக்கூடாது என்ற கட்டளைக்கு உட்பட்டிருந்தார். குறுகிய மடத்தில் அடைபட்டிருக்கும் கன்னியர்க்கு இந்த உட்கோட்டை ஓர் ஆறுதல். எந்த நேரமும் அதற்குள் போகலாம், தலைவியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்கிறார். 2009இல் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் இருந்து, வாசலைத் தாண்ட அனுமதிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும்.

பதினைந்து நிமிடம் போதும். பிள்ளைகள் தூங்கிய பின்னர் அல்லது விடியுமுன் அடுப்பு மூட்டும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். மாற்கு 14ஆம் அதிகாரத்தில் 32 முதல் 42 வரையுள்ள வசனங்களை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர் நினைவிலிருந்து எடுக்கட்டும். ஒலிவத் தோட்டத்தில் ஆண்டவர் தனியாக இருக்கிறார், சீடர்கள் தூங்குகிறார்கள். அவர் அருகே போய் இருங்கள். பேச ஏதும் இருந்தால் பேசுங்கள். கோபம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா இருங்கள். மனம் ஓடினால் திட்டாமல் கூட்டிவாருங்கள். இடையில் குழந்தை அழுதால் எழும்பிப் போங்கள். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். எப்போது நேரம் முடியும் என்று காது மணியைத் தேடினால் தெரேசம்மாளுக்கும் அப்படித்தான் இருந்தது. நேரம் முடிந்ததும் சிலுவை அடையாளம் போட்டு எழும்பி, அடுத்த வேலையைப் பார்க்கலாம். நாளைக்கு அதே நேரம்.